வெட்டிப் போட்டால் அழுகல் போகும், நஞ்சு போகுமா?



சம்பளம் போட்ட வாரம் பசார் மாலாமுக்குப் போகாத தோட்டக் குடும்பம் உண்டா? ராத்திரி பத்து மணிக்கு மேல் கடைக்காரர்கள் சாமான் கட்டத் தொடங்குவார்கள். அப்போது பழத்தின் விலை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். "அஞ்சு வெள்ளிக்கு இந்தப் பையை அப்படியே தூக்கிட்டுப் போங்க அக்கா" என்பார்கள். பையில் நாலு பழம் கன்னிப் போயிருக்கும், ரெண்டு பழத்தில் பூசணம் பூத்திருக்கும். "கெட்டதை வெட்டிப் போட்டுட்டு மிச்சத்தைப் பிள்ளைங்களுக்குக் கொடுத்தா போச்சு" என்று நம் தாய்மார்கள் வாங்கிக்கொண்டு வருவார்கள்.

இந்தச் சிக்கனத்தை நான் குறை சொல்ல வரவில்லை. 2025-ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. அதிலே வாடகை, மின்சாரம், பள்ளிக்கூட பஸ் எல்லாம் போக மிஞ்சுவது எவ்வளவு என்பது அவரவர் அடுப்படிக்குத் தெரியும். சிக்கனம்தான் நம் குடும்பங்களைத் தாங்கி நிற்கும் தூண். ஆனால் எந்தப் பழத்தை வெட்டிச் சாப்பிடலாம், எதை முழுதாகத் தூக்கி எறிய வேண்டும் என்ற ஒரு விஷயம் மட்டும் தெரியாவிட்டால், அந்தச் சிக்கனமே பிள்ளையின் ஈரலுக்கு உலை வைத்துவிடும். அதைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

பூசணம் நமக்குப் புதிதல்ல

பூசணம், பூஞ்சணம், காளான் எல்லாம் ஒரே குலம். பச்சையம் இல்லாத உயிர் இது. வெயிலைக் கொண்டு தன் சாப்பாட்டைத் தானே சமைக்கத் தெரியாது. ஆகவே மற்ற உயிர்களின் மேல் ஒட்டிக்கொண்டு, நூல் போன்ற வேரை உள்ளே விட்டு உறிஞ்சும். வெளியே நாம் பார்க்கிற பச்சை, நீலம், கறுப்புப் பொடியெல்லாம் அதன் விதை மாதிரி. அந்தப் பொடி காற்றில் பறந்து அடுத்த பழத்தில் விழும். ஈரமும் சூடும் இருந்தால் முளைக்கும். நம் மலேசியாவில் ஈரத்துக்கும் சூட்டுக்கும் என்றைக்காவது பஞ்சம் வந்ததுண்டா?

தோட்டத்தில் வேலை செய்கிறவனுக்கு இதை யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. செம்பனை மரத்தின் அடியில் தட்டுத் தட்டாக ஒரு காளான் முளைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பெயர் கனோடெர்மா. வெளியே தட்டு தெரிகிறபோது உள்ளே அடிமரம் பெரும்பாலும் உளுத்துப் போயிருக்கும். மழைக்காலத்தில் பால்மரத்தின் சீவிய பட்டையில் கறுப்புக் கோடு விழும் நோயும் இந்த வகைதான். செம்பனைக் குலையின் மேல் வெள்ளை நூல் படர்ந்து பழம் அழுகுவதை அறுவடைக்காரர்கள் கண்டிருப்பார்கள். அது மராஸ்மியஸ் என்ற காளானின் வேலை.

"மேலே தெரிவது கொஞ்சம், உள்ளே இருப்பது அதிகம்" என்று மரத்தைப் பார்த்தால் நமக்குத் தெரிகிறது. பழத்தைப் பார்க்கும்போது மட்டும் ஏன் மறந்துவிடுகிறோம்?

பழத்துக்குப் பழம் பூசணம் வேறு

பூசணத்தில் ஆயிரம் வகை உண்டு. எல்லாம் நஞ்சு கக்குவதில்லை. பழத்தைக் கெடுப்பதோடு நின்றுவிடுகிறவையும் உண்டு, பழத்தைக் கெடுத்து அதிலே நஞ்சையும் விட்டுவைக்கிறவையும் உண்டு. ஆகவே முதலில் ஆளை அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பப்பாளி, மாம்பழம், வாழைப்பழம்: இவை பழுக்கும்போது தோலில் வட்டமாகக் கறுப்புப் புள்ளி விழும். நாளாக ஆக அந்த இடம் குழி விழுந்து, நடுவிலே சில சமயம் இளஞ்சிவப்பாகப் பிசுபிசுக்கும். இதைச் செய்வது கொலெட்டோட்ரிக்கம் என்ற பூஞ்சணம். இது காய் பச்சையாக மரத்தில் இருக்கும்போதே உள்ளே நுழைந்துவிடும். நுழைந்ததும் சத்தமில்லாமல் படுத்துக்கிடக்கும். பழம் இனித்து இளகும்போதுதான் எழுந்து வேலையைக் காட்டும். "வாங்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு, ரெண்டு நாள்ல இப்படிப் போயிருச்சே" என்று நாம் சொல்வது இதனால்தான். பெரிய நஞ்சு கக்குகிறதாக இதற்குப் பெயர் இல்லை. புள்ளி சிறிதாக இருந்து, சதை கெட்டியாக இருந்தால், சுற்றிலும் தாராளமாக வெட்டிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாம். சதை குழைந்து புளித்த வாடை அடித்தால் வேண்டாம்.

டுரியான், கொக்கோ: தோலில் பழுப்பாக நனைந்த மாதிரி ஓரிடம் தோன்றிப் பரவும். இது ஃபைட்டோப்தோரா. பால்மரப் பட்டையில் கறுப்புக் கோடு போடுகிறதும் இந்தக் கூட்டம்தான். அறிவியலார் இப்போது இதை அசல் பூஞ்சணக் குலத்தில் சேர்ப்பதில்லை. தண்ணீரில் நீந்திப் போகிற விதை உள்ளதால் இதற்குத் தனிக் குலம் வைத்திருக்கிறார்கள். மழை பெய்தால் மண்ணிலிருந்து தெறித்துக் காய்க்கு ஏறும். டுரியான் மரத்தையே சாகடிக்கிற நோய் இது. மனிதனுக்கு நஞ்சு விடுவதாகக் கேள்வி இல்லை. நட்டம் தோட்டக்காரனுக்குத்தான்.

ஆரஞ்சு, எலுமிச்சை: முதலில் தோல் நீர் கோத்துக் குழையும். பிறகு வெள்ளை படரும். அதன் நடுவே பச்சைப் பொடி அல்லது நீலப் பொடி பூக்கும். பச்சை ஒரு வகை, நீலம் இன்னொரு வகை. இரண்டும் பெனிசிலியம் குடும்பம். பழத்தின் அடிபட்ட தோல் வழியாகத்தான் உள்ளே போகும். கூடையில் ஒன்றைத் தொட்டு ஒன்று கெடும். இதைக் கண்டவுடன் பூத்த பழத்தை ஒரு பையில் கட்டி வெளியே போட்டுவிட்டு, மற்றவற்றைக் கழுவித் துடைத்துத் தனியே வையுங்கள்.

ஆப்பிள்: இங்கேதான் கவனம் வேண்டும். ஆப்பிளில் பழுப்பாக, மெதுமெதுவென்று, வட்டமாக ஓரிடம் அழுகி, அதன் மேல் நீலப் பொடி பூத்தால் அது பெனிசிலியம் எக்ஸ்பான்சம். இது பாட்டுலின் என்ற நஞ்சை விடும். வயிற்றைப் புரட்டும், வாந்தி எடுக்கும். நஞ்சு அழுகிய இடத்தோடு நிற்காமல் பக்கத்துச் சதைக்கும் கசியும். உலக உணவுத் தரக் குழுவான கோடெக்ஸ், ஆப்பிள் சாற்றில் ஒரு கிலோவுக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் பாட்டுலின் இருக்கக் கூடாது என்று வரம்பு கட்டியிருக்கிறது. சாற்றுக்கு ஏன் வரம்பு? முழுப் பழமாக இருந்தால் அழுகல் நம் கண்ணில் படும். பிழிந்துவிட்டால் அழுகினதும் நல்லதும் ஒரே நிறம். "கொஞ்சம் கெட்டிருக்கு, ஜூஸ் போட்டுடலாம்" என்கிற பழக்கத்தை நாம் விட்டாக வேண்டும்.

திராட்சை, உலர்ந்த திராட்சை: கறுப்பாகப் புகை படிந்த மாதிரி பொடி பிடித்திருந்தால் அது அஸ்பெர்ஜில்லஸ் குடும்பத்தின் கறுப்பு வகை. இதில் சில ஓக்ராடாக்சின் என்ற நஞ்சை விடும். அது சிறுநீரகத்தைத் தாக்கும். பாயசத்துக்குப் போடுகிற திராட்சை பிசுபிசுவென்று ஒட்டி, கறுப்புப் பொடியோடு புளித்த வாடை அடித்தால், கழுவிப் போட்டால் சரியாகிவிடும் என்று எண்ணாதீர்கள்.

மருந்தும் நஞ்சும் ஒரே குடும்பம்

பெனிசிலியம் என்ற பெயரைக் கேட்டதும், "அது ஆஸ்பத்திரியில போடுற பெனிசிலின் ஊசியாச்சே?" என்று கேட்பீர்கள். சரியான கேள்விதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெனிசிலின் மருந்தை ஏராளமாகத் தயாரிக்க நல்ல பூஞ்சணம் தேடினார்கள். 1943-இல் அமெரிக்காவில் பியோரியா என்ற ஊரின் கடையில் கிடைத்த ஒரு பூசணம் பிடித்த முலாம்பழத்திலிருந்துதான் அது அகப்பட்டது. கோடி உயிரைக் காத்த மருந்தின் தாய் ஓர் அழுகல் பழம்!

அதே ஆண்டுகளில் பாட்டுலினையும் மருந்து என்று நம்பி, இங்கிலாந்தில் சளிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சளி தீரவில்லை. பிற்பாடு அது நஞ்சு என்று தெரிந்தது. ஒரே குடும்பத்தில் ஒருவன் வைத்தியன், இன்னொருவன் விஷக்காரன். கண்ணால் பார்த்து யார் எவர் என்று சொல்ல முடியாது. "பூசணம்தானே, பெனிசிலின்தானே, உடம்புக்கு நல்லது" என்று வேடிக்கையாகச் சொல்லிப் பிள்ளைக்குக் கொடுப்பவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

பெரிய விரோதி காய்ந்த சாமானில் இருக்கிறான்

ஈரப் பழத்தின் அழுகலாவது நாற்றம் அடித்து நம்மை விரட்டிவிடும். காய்ந்த சாமானில் உட்காருகிறவன்தான் பொல்லாதவன். அவன் பெயர் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ். மஞ்சள் கலந்த பச்சைப் பொடியாகத் தெரிவான். நிலக்கடலை என்கிற கச்சான், சோளம், கொப்பரை, காய்ந்த மிளகாய், பாக்கு ஆகியவை அவனுக்குப் பிடித்த இடங்கள். நம் அடுப்படிச் சாமான் பட்டியல் மாதிரியே இருக்கிறதல்லவா?

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் திடுதிடுவென்று செத்து விழுந்தன. புது நோய் என்று பயந்தார்கள். ஆராய்ந்து பார்த்தால், பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்குத்தான் காரணம். அதிலிருந்த பூஞ்சணத்தின் பெயரிலிருந்து அந்த நஞ்சுக்கு அஃப்லாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள்.

கோழியோடு நின்றதா? 1974-இல் இந்தியாவில் ராஜஸ்தானின் பன்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில், அறுவடை நேரத்தில் பருவம் தப்பி மழை பெய்தது. நனைந்த சோளத்தில் பூசணம் பிடித்தது. வேறு தானியம் வாங்க வழியில்லாத ஏழைப் பழங்குடி மக்கள் அதையே தின்றார்கள். காய்ச்சல் வந்தது, காமாலை கண்டது, வயிறு உப்பியது. ஏறத்தாழ 400 பேர் நோயில் விழுந்தார்கள், 106 பேர் மாண்டார்கள். அவர்கள் வீட்டு நாய்களும் செத்தன. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிலையத்தார் அந்தச் சோளத்தைச் சோதித்தபோது, கிலோவுக்கு 6 முதல் 15 மில்லிகிராம் வரை நஞ்சு இருந்தது. 2004-இல் கென்யா நாட்டிலும் இதே கதை நடந்தது. 317 பேர் நோயுற்று 125 பேர் இறந்தார்கள். அங்கேயும் சோளம், அங்கேயும் ஏழைகள்.

எவ்வளவு நஞ்சு இருக்கலாம் என்று கேட்பீர்கள். பக்குவப்படுத்தப் போகிற நிலக்கடலைக்குக் கோடெக்ஸ் போட்ட வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். செம்பனைக் குலை ஏற்றுகிற பத்து டன் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படி நூறு லாரி கடலையில் மொத்தம் 15 கிராம், அதாவது ஒரு மேசைக்கரண்டி உப்பளவு நஞ்சு. அதற்கு மேல் போனால் ஆகாது. அந்தச் சோளத்தில் இருந்ததோ இந்த வரம்பைப் போல 400 மடங்குக்கும் மேல்.

தமிழ்நாட்டுப் பெரியவர்களுக்கு வரகு மயக்கம் தெரிந்திருக்கும். மழையில் நனைந்த வரகைத் தின்றால் தலை சுற்றிக் கிறுகிறுத்து விழுவார்கள். அதுவும் பூஞ்சண நஞ்சுதான். சைக்ளோபியசோனிக் அமிலம் என்று பெயர். 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் புலிகள் காப்பகத்தில் வரகு வயலில் மேய்ந்த பத்துக் காட்டு யானைகள் செத்தன. சோதித்தபோது அவற்றின் உடலில் இந்த நஞ்சுதான் இருந்தது. யானையையே சாய்க்கிற பொருள் நம் பிள்ளையை விட்டுவைக்குமா?

நம் நாட்டிலேயே நடந்தது

இதெல்லாம் வெளிநாட்டுச் சங்கதி என்று தள்ளிவிடாதீர்கள். 1988-இல் நம் பேராக் மாநிலத்திலே நடந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சீன சமூகத்தின் ஒன்பது பேரரசர் தெய்வத் திருவிழா நடந்துகொண்டிருந்த நேரம். 'லோ சீ ஃபன்' என்ற அரிசி மீயைச் சாப்பிட்ட பிள்ளைகளுக்கு வாந்தி, காய்ச்சல், வயிற்றுவலி வந்தது. அப்புறம் வலிப்பு, அப்புறம் நினைவு தப்பியது. ஈரல் வேலை செய்வதை நிறுத்திவிட்டது. 13 குழந்தைகள் இறந்தார்கள்.

சுகாதார அதிகாரிகள் எல்லாப் பிள்ளைகளும் என்ன சாப்பிட்டார்கள் என்று விசாரித்துக்கொண்டே போய், அந்த மீ செய்யப்பட்ட தொழிற்சாலையைக் கண்டுபிடித்தார்கள். இறந்த பிள்ளைகளின் உடலில் அஃப்லாடாக்சின் இருந்தது சோதனையில் உறுதியானது. உணவில் சேர்க்கத் தடை செய்யப்பட்ட போரிக் அமிலமும் இதில் சம்பந்தப்பட்டிருந்தது. அந்த மீயைத் தட்டில் போட்டுக் கொடுத்த எந்தத் தாயும் நஞ்சு என்று தெரிந்து கொடுக்கவில்லை. நாற்றமில்லை, நிறமில்லை, கசப்பில்லை. சாவு தமிழன், சீனன், மலாய்க்காரன் என்று பார்த்து வருவதில்லை, தோழர்களே. உணவு சுத்தமா என்று கேட்கிற உரிமை எல்லாருக்கும் பொது.

வேக வைத்தால் போகாதா?

போன மாதம் ஒரு தோட்டத்தில் கூட்டம் முடிந்ததும் ஒரு அம்மா கேட்டார்: "தம்பி, நல்லா வறுத்துட்டா விஷம் செத்துடாதா?"

பூஞ்சணம் சாகும் அம்மா, அது விட்டுப்போன நஞ்சு சாகாது. பாம்பைக் கொன்றாலும் கடிபட்ட இடத்தில் விஷம் இருக்கிற மாதிரி. தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். எண்ணெயில் பொரிப்பது 180 டிகிரி வாக்கில். அஃப்லாடாக்சின் முழுசாக அழிய 250 டிகிரிக்கும் மேல் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் கடலை கரியாகிவிடும். வறுத்தால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பூசணம் பிடித்த மிளகாயைக் காயவைத்து அரைத்தாலும் அது போகாது. தூளில் கலந்துவிடும், அவ்வளவே.

நஞ்சு இரண்டு வழியில் கெடுக்கும். ஒரேயடியாக அதிகம் உள்ளே போனால் ஈரல் சில நாளில் படுத்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக வருடக் கணக்கில் போனால் ஈரலில் புற்றுநோய் வைக்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் வகையில் அஃப்லாடாக்சினைச் சேர்த்திருக்கிறது. ஹெப்பாடைட்டிஸ் பி என்ற ஈரல் கிருமி உடம்பில் இருப்பவர்களுக்கு ஆபத்து பல மடங்கு கூடும். நம் நாட்டில் பிறந்த குழந்தைகளுக்கு அந்தத் தடுப்பூசி 1989 முதல் போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்த நம்மைப் போன்றவர்கள் பலர் அதைப் போட்டுக்கொண்டதில்லை. அரசாங்கக் கிளினிக்குக்குப் போகும்போது, "எனக்கு ஹெப்பாடைட்டிஸ் பி ரத்தச் சோதனை செய்யணும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

கண்ணால் சொல்ல முடியாது, ஆய்வுக்கூடம் சொல்லும்

நிறத்தை வைத்து நாம் செய்வது சந்தேகம் மட்டும்தான். உறுதி சொல்வது ஆய்வுக்கூடம். அங்கே அழுகலின் ஓரத்திலிருந்து ஊசிமுனையளவு எடுத்து, உருளைக்கிழங்குச் சாறும் அகாரும் கலந்த தட்டில் வைப்பார்கள். ஐந்து முதல் ஏழு நாளில் பூஞ்சணம் தனியாக வளரும். அதன் நிறம், ஓரம், வேகம் பார்ப்பார்கள். பிறகு நுண்ணோக்கியில் விதை தாங்கும் காம்பைப் பார்ப்பார்கள். பெனிசிலியம் சின்னத் துடைப்பம் மாதிரி இருக்கும். அஸ்பெர்ஜில்லஸ் ஒரு காம்பின் தலையில் உருண்டை வைத்த மாதிரி இருக்கும். இப்போது மரபணுவைப் படித்தும் பெயர் சொல்கிறார்கள்.

ஆள் தெரிந்தால் மட்டும் போதாது. ஒரே இனத்தில் நஞ்சு விடுகிறதும் உண்டு, விடாததும் உண்டு. ஆகவே நஞ்சைத் தனியே பிரித்து அளப்பார்கள். அஃப்லாடாக்சின் ஊதாக்கதிர் விளக்கின் கீழ் மினுங்கும். நீலமாக மினுங்குவது பி வகை, பச்சையாக மினுங்குவது ஜி வகை. நிறங்களின் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துத்தான் அந்தப் பெயர். இவ்வளவு கருவி வேண்டியிருக்கிற வேலையை, "மோந்து பாத்தேன், நல்லாத்தான் இருக்கு" என்று நம் மூக்கு செய்துவிட முடியுமா?

கடைத்தெருவில் கவனம்

தீபாவளி வந்தால் சிலாங்கூர்த் தோட்டத்து மக்களும், தோட்டத்தை விட்டு அடுக்குமாடிக்கு வந்துவிட்டவர்களும் பிரிக்பீல்ட்ஸுக்கும் கிள்ளானுக்கும் சாமான் வாங்க வருவோம். துன் சம்பந்தன் சாலையிலே பூக்கடை, பழக்கடை, மளிகைக் கடை வரிசையாக இருக்கும். பெரும்பாலான கடைக்காரர்கள் நாணயமானவர்கள்தான். ஆனாலும் மூட்டை கப்பலில் வந்து, கிடங்கில் கிடந்து, மழைக்காலத்தில் கடைக்கு வருகிறது. சாக்கின் அடி எப்படி இருக்கிறது என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

கச்சான் வாங்கும்போது ஒரு கைப்பிடி எடுத்துப் பாருங்கள். சுருங்கியது, நிறம் மாறியது, ஓட்டை விழுந்தது, முளைவிட்டது, பூசணம் பிடித்தது இவற்றில்தான் நஞ்சு குவிந்திருக்கும். ஒரு கிலோவில் உள்ள நஞ்சு முழுவதும் சில பருப்பிலேயே இருக்கக்கூடும். ஆகவே பொறுக்கி எறிவது வீண் வேலை அல்ல, உயிர் காக்கும் வேலை. வாயில் போட்டுக் கசந்தால் துப்பிவிடுங்கள், மரியாதைக்காக விழுங்காதீர்கள். மிளகாயைப் பிளந்து பாருங்கள். வெளியே சிவப்பாக மினுக்கி, உள்ளே வெள்ளையாக நூல் படர்ந்திருக்கும் மிளகாய் உண்டு.

சில தோட்டங்களின் கடன் கடையில் நடப்பதும் எனக்குத் தெரியும். "காசு கொடுத்து வாங்குறவங்களுக்குப் புது மூட்டை, கடனுக்கு வாங்குறவங்களுக்குப் பழைய மூட்டை." கடன் வாங்குவதால் நாம் அழுகலைத் தின்னக் கடமைப்பட்டவர்கள் அல்ல. கடனும் காசுதான், வட்டியோடு கொடுக்கிற காசு.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. பப்பாளி, மாம்பழம், வாழைப்பழத்தில் சிறு கறுப்புப் புள்ளி, சதை கெட்டி என்றால், சுற்றிலும் ஒரு அங்குலத்துக்குக் குறையாமல் வெட்டிவிட்டுச் சாப்பிடலாம். சதை குழைந்திருந்தாலும், பொடி பூத்திருந்தாலும் முழுப் பழத்தையும் எறிந்துவிடுங்கள்.

2. நீலப் பொடி பூத்த ஆப்பிளையும், கறுப்புப் பொடி பிடித்த திராட்சையையும் வெட்டியோ கழுவியோ பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். சாறும் பிழியாதீர்கள்.

3. கச்சான், சோளம், கொப்பரை, மிளகாய், மாவு, ரொட்டி எதில் பூசணம் கண்டாலும் வெட்டுகிற பேச்சே வேண்டாம். பொறுக்குவது வாங்கும்போது. வீட்டில் பூத்துவிட்டால் மொத்தமும் குப்பைக்கு.

4. பூசணத்தை மோந்து பார்க்காதீர்கள். அந்தப் பொடி மூச்சோடு உள்ளே போகும். இழுப்பு உள்ளவர்கள் கிட்டவே போக வேண்டாம்.

5. மாடு வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டும். பூசணம் பிடித்த புண்ணாக்கும் ரொட்டியும் மாட்டுக்குப் போட்டால், நஞ்சு உருமாறி ஒரு நாளைக்குள் பாலில் வந்துவிடும். அதைக் குடிப்பது நம் குழந்தை. தீவனத்தை மாற்றினால் சில நாளில் பால் சுத்தமாகிவிடும்.

6. அரிசி, பருப்பு, கடலையைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல், இறுக்க மூடும் டின்னில் வையுங்கள். கொஞ்சமாக வாங்கிச் சீக்கிரம் முடியுங்கள். பழைய சாமானின் மேல் புதியதைக் கொட்டாதீர்கள்.

7. ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்ட இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாக வாந்தி, காய்ச்சல், கண் மஞ்சள் வந்தால் நாட்டு மருந்து பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மிச்சச் சாப்பாட்டை ஒரு பையில் கட்டி எடுத்துப் போங்கள். டாக்டருக்கு அதைவிடப் பெரிய துப்பு கிடையாது.

ஒழுகும் கூரையும் ஒரு காரணம்

வீட்டைக் காய்ந்து வைத்திருங்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். கூரை ஒழுகினால் எப்படிக் காயும்? சுவரில் பச்சை படர்ந்த லயத்து வீட்டில் அரிசி டின்னை எங்கே வைப்பது? இங்கேதான் இது அடுப்படிப் பிரச்சினையாக மட்டும் இல்லாமல் தொழிற்சங்கப் பிரச்சினையாகிறது.

தோட்ட வீடுகளுக்கென்று 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் இருக்கிறது. தொழிலாளிக்குக் கொடுத்த வீட்டை நல்ல நிலையில் செப்பனிட்டு வைத்திருப்பது நிர்வாகத்தின் கடமை. கூரை ஒழுகினால் கிராணியிடம் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். தோட்டக் கிளைத் தலைவர் மூலம் எழுத்தில் கொடுங்கள், தேதி போட்டு ஒரு படி கையில் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம். கடையில் கெட்ட சாமான் விற்றால் 1983-ஆம் ஆண்டு உணவுச் சட்டம் இருக்கிறது. நஞ்சு கலந்த உணவை விற்பது அபராதமும் சிறையும் உள்ள குற்றம். சாமானையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நாலு பேர் சேர்ந்து போங்கள். சங்கம் எதற்கு இருக்கிறது?

ராஜஸ்தானில் செத்தவர்களும், கென்யாவில் செத்தவர்களும் அறிவில்லாமல் செத்தவர்கள் அல்லர். சோளம் கெட்டிருப்பது அவர்கள் கண்ணுக்குத் தெரிந்துதான் இருக்கும். எறிந்துவிட்டால் அடுத்த வேளைக்கு வேறு இல்லை, அதனால் தின்றார்கள். நமக்கு அந்த நிலை இன்று இல்லை. அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்வது கூலிப் போராட்டத்தின் வேலை. கையில் இருப்பதில் எதை எறிவது என்று தெரிந்துகொள்வது நம் வீட்டு வேலை. இரண்டும் நடக்க வேண்டும்.

இந்தப் பக்கத்தை வெட்டி அடுப்படிச் சுவரில் ஒட்டிவையுங்கள். படிக்கத் தெரியாத பாட்டிமார்களுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டட்டும். ஆயாக் கொட்டகை இருக்கிற தோட்டங்களில், பிள்ளைகளுக்குப் பலகாரம் கொடுக்கிற அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள்.